தகட்டில் சிக்காத தூசி!

சீர்காழிக்கு வடமேற்கே இருக்கும் நெய்வேலியில், 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அனல்மின் நிலையப் புகையைப் பல்லாயிரம் வோல்ட் மின்புலமுள்ள தகடுகளுக்கு நடுவே அனுப்பினால், சாம்பல் தூசி மின்னேற்றம் பெற்றுத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தட்டி உதிர்த்தால் சிமென்ட்டுக்கும் ஆகும்.

2017 முதல் அமைந்த நிலையங்கள் ஒரு கன மீட்டர் புகையில் 30 மில்லிகிராம் தூசிக்கு மேல் விடக்கூடாது என்பது விதி. ஆனால், கந்தக டை ஆக்சைடு வாயு தகட்டில் சிக்காது. காற்றில் கலந்தபின் அதுவே தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நுண்துகளாகி, நுரையீரலின் ஆழம்வரை போகும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டரும் பறக்கும். சீர்காழி எட்டாத தூரமல்ல.

அந்த வாயுவைப் பிடிக்கும் கருவி பொருத்துவதிலிருந்து, நாட்டின் பெரும்பாலான நிலக்கரி மின் நிலையங்களுக்கு 2025 ஜூலையில் மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது. கரும்புகை தெரியவில்லை என்பதற்காகக் காற்று சுத்தம் என்று நம்பிவிட முடியாது!