குளிர்நீர் தேடும் மீன்



காணியை இழந்து புதிய இடத்தில் குடியேறியோர் சிலர் மீன்பிடியை நம்புகின்றனர். வலைக்கும் குஞ்சுக்கும் கடன்படுமுன் நீரின் குணத்தை அறிவது நல்லது.

ஆங்கிலேயர் மலையகத்துக்குக் கொண்டுவந்த ட்ரவுட் மீன், 20 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீரில் வாடும். நீர் சூடேற, அதில் கரைந்துள்ள ஒட்சிசன் குறைவது இதற்கு ஒரு காரணம். இம்மீனினம் ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் நிலைத்தது இதனாலேயே.

ஆழமான நீர்த்தேக்கத்தில் வெயில்பட்ட நீர் இலேசாகி மேலே நிற்கும். குளிர்நீர் கீழே தங்கும். ஆனால் அடியில் இலைதழைகள் அழுகும்போது ஒட்சிசன் தீர்ந்துவிடலாம். அப்போது குளிர் விரும்பும் மீனுக்கு நடு ஆழமே புகலிடம்.

காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் உள்ள திலாப்பியா இதற்கு நேர்மாறானது. குளிரில் அது இரையெடுப்பது குறையும். எனவே தை மாத விடியலில் வலையோடு நடுங்கிக் காத்திராமல், வெயிலேறிய பின் ஆழங்குறைந்த கரையோரத்தில் முயன்று பாருங்கள்.

சொந்தக் குளத்தில் குஞ்சு விட எண்ணுவோர், காலையிலும் மாலையிலும் மேல்நீரையும் அடிநீரையும் போத்தலில் எடுத்து, உடனே வெப்பமானியால் அளந்து குறித்து வையுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்த பின்பே கடனைப் பற்றி யோசியுங்கள்.