கிரெடிட் என்றால் கடனா, வரவா?

நம் கடைகளில் தினமும் பத்துத் தடவையாவது புழங்கும் ஆங்கில வார்த்தை 'கிரெடிட்'. இடத்துக்கு ஓர் அர்த்தம் அதற்கு. இதனால் நானே ஒருமுறை சங்கடப்பட்டிருக்கிறேன். வெளியூர் மண்டிக்குத் திருப்பி அனுப்பிய நான்கு மூடை துவரம்பருப்புக்கு 'கிரெடிட் நோட்' வந்தது. கணக்கு எழுத வந்த புதுப் பையன், கிரெடிட் என்றால் கடன்தானே என்று நாம் தரவேண்டிய பாக்கியோடு கூட்டிவிட்டான். நானும் கவனியாமல் காசோலையில் கையெழுத்துப் போட்டேன். பணம் திரும்பி வர ஐந்து மாதம் ஆயிற்று.

வார்த்தையின் பூர்வீகம் லத்தீன். 'கிரெடெரே' என்றால் நம்புதல். கிறிஸ்தவர்களின் விசுவாசப் பிரமாணம் லத்தீனில் 'கிரெடோ', அதாவது நம்புகிறேன், என்றுதான் தொடங்கும். நம்பி ஒப்படைத்த பொருள் 'கிரெடிட்டும்' ஆனது. அதுவே கடனுக்கும் பெயர். நம் தளவாய்புரத்தில் நைட்டி தைப்பவர்களுக்குத் துணி கடனில் வருகிறதென்றால், ஆளை நம்பித்தானே வருகிறது?

1904இல் இந்தியாவில் கூட்டுறவு கிரெடிட் சங்கச் சட்டம் வந்தது. அத்தகைய சங்கங்களுக்குத் தமிழில் 'நாணயச் சங்கம்' என்றும் பெயர் வைத்தார்கள். ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம் இன்றும் உண்டு. காசும் நாணயம், சொல் தவறாமையும் நாணயம். மொழிபெயர்த்தவர் யாரோ, வியாபாரம் தெரிந்தவர்!

சரி, நாம் வங்கியில் போட்ட பணம் பாஸ் புத்தகத்தில் ஏன் கிரெடிட்? அது வங்கியின் கணக்கு. அவர்களுக்குக் கொடுத்து வைத்தவர் நாம். அதே தொகை நம் பேரேட்டில் வங்கியின் பெயரில் பற்று. கிரெடிட் நோட்டும் அப்படியே: விற்றவர் தம் ஏட்டில் நம் பெயருக்கு வரவு வைக்கிறார், நம் பாக்கி குறைகிறது.

2017 ஜூலை 1 முதல் வந்த ஜி.எஸ்.டி.யில் 'இன்புட் டாக்ஸ் கிரெடிட்' கடனே அல்ல. கொள்முதலில் கட்டிய வரியை, விற்பனையில் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரவு. காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு இது கிடையாது. மற்றவர்கள் இரண்டைக் கவனிக்கவேண்டும். பில் தேதியிலிருந்து 180 நாளைக்குள் சரக்குக்குப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த வரவை வட்டியோடு திருப்பவேண்டும். பணம் கொடுத்தபின் மீண்டும் எடுக்கலாம். அடுத்து, 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் கணக்குத் தாக்கல் செய்து அந்தப் பில் நமது 2பி-யில் ஏறினால்தான் வரவு. அவர் தாக்கல் செய்யாவிட்டால் நட்டம் நமக்கு. மாதந்தோறும் 14ஆம் தேதி 2பி வந்ததும் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டு, விடுபட்டிருந்தால் அன்றே மண்டிக்குப் போன் செய்யுங்கள்.