நிறுத்திவைத்த காரில் வடியும் மின்சாரம்

சாவியை எடுத்துப் பூட்டிய பிறகும் ஒரு காரின் மின்சுற்று முழுமையாக ஓய்ந்துவிடுவதில்லை. கடிகாரம், திருட்டுத் தடுப்பு அலாரம், ரிமோட் சாவியின் சமிக்ஞைக்குக் காத்திருக்கும் ஏற்பி, எஞ்சின் கணினியின் நினைவகம் ஆகியவை பேட்டரியிலிருந்து சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. இது ஓய்வுநிலை மின்னோட்டம் எனப்படும். பெரும்பாலான கார்களில் இது 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது இயல்பு.

இயல்பான இந்த அளவே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகிறது என்பதால், சிறிய கார்களில் காணப்படும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய பொதுமுடக்கத்திலும், அதைத் தொடர்ந்து வீட்டிலிருந்தே வேலை என்றான மாதங்களிலும், பெங்களூருவின் அடுக்குமாடி அடித்தளங்களில் அசையாமல் நின்ற கார்கள் கிளம்ப மறுத்திருந்தால் அதற்குப் பழுது ஏதும் இருந்திருக்கவே வேண்டியதில்லை. வெளிவட்டச் சாலை நெரிசலில் ஏசியும் விளக்கும் எரிய ஊர்ந்து செல்லும் காரிலும், எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் ஆல்டர்னேட்டர், அதாவது ஓட்டத்தின்போது பேட்டரிக்கு மின்னேற்றும் கருவி, குறைவாகவே ஈடுசெய்கிறது. பேட்டரி ஓய்ந்ததற்கு வெயிலின் மீது பழிபோடச் சென்னைக்காரருக்கு இருக்கும் நியாயம், கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் வாழும் பெங்களூருக்காரருக்கு அவ்வளவாக இல்லை.

ஆகவே பெங்களூருவின் ஜே.சி. சாலைக் கடைகளுக்குப் போய்ப் புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன் அளந்து பார்ப்பதே முறை. முழுமையாக மின்னேற்றிச் சில மணி நேரம் ஓய்வில் விட்ட 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். காரிலிருந்து கழற்றித் தனியே வைத்தபோதும் ஓரிரு நாளில் அது சரிந்தால் குற்றவாளி பேட்டரியே.

பேட்டரி தேறினால், மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவையில் வைத்து, எதிர்முனைக்கும் அதிலிருந்து கழற்றிய கேபிளுக்கும் இடையில் மின்னோட்டம் மீட்டர் வழியாகவே பாயுமாறு இணைக்க வேண்டும். அந்நிலையில் எஞ்சினைக் கிளப்ப முயன்றால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். பலர் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான்: கேபிளை இணைத்தவுடன் காரின் கணினிகள் விழித்துக்கொள்வதால் மீட்டர் பல ஆம்பியர்கள்கூடக் காட்டும், அவை மீண்டும் உறங்க இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை ஆகலாம். கதவையும் பானெட்டையும் திறந்தே வைத்திருந்தாலும் அவற்றின் பூட்டை மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, ரிமோட் சாவியைத் தொலைவில் வைத்துவிட்டு, பொறுமையாகக் காத்திருந்த பின் கிடைக்கும் எண்ணே உண்மையான எண். அது அரை ஆம்பியர் என்றால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி வடிகிறது. மூன்றே நாளில் பேட்டரி காலி.

கசிவு எந்தச் சுற்றில் என்றறிய ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய வழக்கம். திரும்பச் செருகும்போது கணினிகள் மறுபடி விழிக்கும் என்பதால், ஃப்யூஸின் முதுகிலுள்ள இரு உலோகப் புள்ளிகளுக்கிடையே மில்லி வோல்ட் அளப்பது மேல்: மின்னோட்டம் பாயும் ஃப்யூஸில் மட்டுமே அங்கே மின்னழுத்த வேறுபாடு தோன்றும்.

அகப்படுபவை பெரும்பாலும் பிற்பாடு பொருத்தியவையே. பூட்டிய பின்னும் படம்பிடிக்கும் டேஷ்கேமும், ஏ.ஐ.எஸ். 140 விதிப்படி 2019 முதல் புதிய பொதுப் பயணியர் வாகனங்களுக்குக் கட்டாயமான இருப்பிடங்காட்டியும் முதலில் ஐயுறத்தக்கவை. டிக்கியில் அணையாத விளக்கும் ஒட்டிக்கொண்ட ரிலேயும் அடுத்தவை. எந்த ஃப்யூஸிலும் ஒன்றும் தென்படாமல் கசிவு மட்டும் நீடித்தால், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியைப் பிரித்து அதன் முனையை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, மீட்டரை முன்போல் இணைத்து மறுபடி அளக்க வேண்டும். மின்னோட்டம் விழுந்துவிட்டால், ஒருதிசையில் மட்டுமே மின்சாரத்தை விடவேண்டிய அதன் டயோடு பழுதாகிப் பின்னோக்கியும் விடுகிறது என்பது உறுதி.