கப்பமும் ஒரு கப்பலும்

'கப்டன் பிலிப்ஸ்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தை நேயர்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். 2013 ஒக்டோபரில் வெளிவந்தது. அமெரிக்காவின் மேர்ஸ்க் அலபாமா என்னும் சரக்குக் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்த கதை. 2009 ஏப்ரல் 8ஆந் திகதி தொடங்கி 12ஆந் திகதி முடிந்துவிட்ட கதை. ஐந்தே நாட்கள்! அமெரிக்கக் கடற்படை வந்தது; கப்டன் மீண்டார்.

நானும் அந்தப் படத்தை இரசித்தவன்தான். ஆனால் பார்த்து முடித்த பின் என் மனம் வேறொரு கப்பலிடம் போய்விட்டது. அதன் பெயர் அல்பிடோ.

தன்மீது விழும் ஒளியில் எவ்வளவை ஒரு பொருள் திருப்பி அனுப்புகிறது என்பதைக் குறிக்க விஞ்ஞானிகள் வழங்கும் சொல் அது. இலத்தீனில் வெண்மை என்று பொருள். மலேசியக் கொடி பறந்த இந்தக் கொள்கலன் கப்பல், அலபாமாவைப் போலவே, கென்யாவின் மொம்பாசாத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. புறப்பட்ட இடம் ஜெபல் அலி. கொள்ளையருக்கு அஞ்சிக் கப்பல்கள் ஆபிரிக்கக் கரையை விட்டுக் கிழக்கே வெகுதூரம் விலகி ஓடிய காலம் அது. கொள்ளையரும் சும்மா இருக்கவில்லை. பிடித்த கப்பல்களையே தாய்க்கப்பல்களாக்கி நடுக்கடலுக்கு வந்தார்கள். 2010 நவம்பர் 26இல் அல்பிடோ அகப்பட்டது மாலைதீவுக்கு மேற்கே. சோமாலியாவை விட நமக்கே கிட்டிய கடல்!

கப்பலில் இருந்தோர் 23 பேர். பாகிஸ்தானியர் எழுவர், வங்காளதேசத்தவர் எழுவர், இந்தியர் இருவர், ஈரானியர் ஒருவர். மிகுதி அறுவரும் இலங்கையர்.

கப்பம் என்ற சொல்லை நம் முன்னோர் சிற்றரசர் பேரரசருக்குச் செலுத்தும் திறைக்கு வழங்கினார்கள். இன்று நம் பத்திரிகைகளில் அச்சொல் எந்தப் பொருளில் வருகிறதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலிலே கப்பம் கொடுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கப்பலும் சரக்கும் பெறுமதியானவையாக இருந்தால் உரிமையாளரும் காப்புறுதிக்காரரும் பேச வருவார்கள். பணம் கைமாறும், கப்பல் போகும், கூடவே மாலுமிகளும் போவார்கள். உரிமையாளர் கைவிட்ட கப்பலில் இருக்கும் மாலுமிக்கு விலை சொல்ல எவருமில்லை. அல்பிடோவுக்கு நேர்ந்தது இதுதான். கொள்ளையருக்கு இது விளங்க ஆண்டுக்கணக்கானது. அந்த ஆத்திரமெல்லாம் மாலுமிகளின் உடம்பில் தீர்ந்தது. இந்தியர் ஒருவர் சிறையிருப்பிலேயே உயிரிழந்தார்.

பாகிஸ்தானில் மக்கள் பணம் திரட்டினார்கள். பத்து இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. 2012 ஓகஸ்டில் அந்நாட்டவர் எழுவரும் வீடு திரும்பினார்கள். ஒரே கப்பலில், ஒரே பசியைப் பங்கிட்டவர்களில் எழுவர் இறங்கிப் போவதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் காலைப்பொழுதை எந்தப் படக்காரரும் எடுக்கவில்லை.

நங்கூரமிட்டபடியே கிடந்த கப்பலுள் மெல்ல நீர் புகுந்தது. கொள்ளையர் பிடித்திருந்த இன்னொரு கலமான நஹாம் 3 என்னும் மீன்பிடிக் கப்பலோடு அதைக் கயிற்றால் பிணைத்து வைத்திருந்தார்கள். 2013 ஜூலையில், தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பில், அல்பிடோ மூழ்கிப் போயிற்று. ஐரோப்பியக் கடற்படையின் விமானம் தேடியபோது கரையில் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மட்டும் தெரிந்தன, ஆட்களைக் காணவில்லை. அன்று மாண்டவர்கள் நால்வர். நால்வரும் இலங்கையர்.

'கப்டன் பிலிப்ஸ்' திரைக்கு வந்தது அதற்கு மூன்று மாதங்களின் பின்.

எஞ்சிய 11 பேரைக் கொள்ளையர் கரையில் வைத்திருந்தனர். ஜோன் ஸ்டீட் என்ற ஓய்வுபெற்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி, யாரும் கேளாத இத்தகைய மாலுமிகளுக்காகவே ஓடித் திரிந்தவர். அவர் முயற்சி வீண்போகவில்லை. 2014 ஜூனில், மூன்றரை ஆண்டுகளின் பின், அவர்கள் நைரோபியில் விமானத்திலிருந்து இறங்கினார்கள். அறுவராய்ப் போன நம்மவரில் அவர்களோடு இறங்கியவர்கள் இருவர்.

நஹாம் 3 மாலுமிகள் அப்போதும் வரவில்லை. அவர்களில் உயிரோடிருந்த 26 பேர் விடுதலையானது 2016 ஒக்டோபரில்.