கடவுச்சொல்லிலிருந்து குறியாக்கத் திறவுகோல்: வருவிப்பு முறைகளும் தமிழ்க் கடவுச்சொற்களின் சிக்கலும்

முன்னுரை

கணினியில் கடவுச்சொல் இரு வேறு பணிகளைச் செய்கிறது. நுழைபவர் உரியவர்தாமா என்று உறுதிசெய்வது ஒன்று. கோப்பையோ வன்தட்டையோ குறியாக்கம் செய்வதற்குரிய திறவுகோலைத் தருவது மற்றொன்று. முதற்பணியில் கடவுச்சொல் மறந்துபோனால் நிர்வாகி புதியதொன்றை அமைத்துத் தரலாம். இரண்டாவதில் அதற்கு வழியில்லை. திறவுகோல் வெளிப்படையாக எங்கும் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லிலிருந்தே கணிக்கப்படுகிறது. கள ஆய்வில் பெற்ற நேர்காணல் பதிவுகளையும் தகவலாளிகளின் விவரங்களையும் குறியாக்கம் செய்து காக்கும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். திறவுகோல் வருவிக்கப்படும் முறையை விளக்கி, கடவுச்சொல் தமிழில் அமையும்போது எழும் சிக்கலைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உப்பும் சுற்றும்

ஏஇஎஸ் போன்ற குறியாக்க முறைகள் 128 முதல் 256 பிட் வரை நீளமுடைய, ஊகிக்க இயலாத திறவுகோலை வேண்டுகின்றன. மனிதர் நினைவிற்கொள்ளும் சொல் அத்தகையதன்று. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டினை எவ்வித ஒழுங்குமின்றித் தேர்ந்தாலும் கிடைக்கும் வாய்ப்புகள் 26-இன் எட்டாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 20,883 கோடி. இது 38 பிட் வலிமைக்கும் குறைவு. நொடிக்கு 100 கோடி ஊகங்களைச் சோதிக்கும் கருவி ஒன்று இருப்பதாகக் கொண்டால், இவை அனைத்தையும் மூன்றரை நிமிடத்தில் அது முடித்துவிடும். மக்களோ ஒழுங்கின்றித் தேர்வதும் இல்லை. ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், திரட்டப்பட்ட 3,289 கடவுச்சொற்களுள் 86 விழுக்காடு மிகக் குறுகியனவாகவோ, சிற்றெழுத்துகளால் மட்டும் ஆனவையாகவோ, அகராதி முதலிய பட்டியல்களில் கிடைப்பனவாகவோ இருந்தன.

அவ்விருவரும் யூனிக்ஸ் இயங்குதளத்திற்கு வகுத்த தீர்வில் இன்றைய முறைகளின் இரு அடிப்படைகளும் உள்ளன. கணிப்பை வேண்டுமென்றே மெதுவாக்குதல் முதலாவது. டிஇஎஸ் குறியாக்கம் 25 முறை அடுத்தடுத்துச் செய்யப்பட்டது. ‘உப்பு’ சேர்த்தல் இரண்டாவது. உப்பு என்பது கடவுச்சொல்லுடன் கலக்கப்படும் தற்போக்கு எண். இது மறைபொருள் அன்று. கோப்பின் தலைப்பகுதியில் வெளிப்படையாகவே எழுதப்படும். ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் உப்பு வேறுபடுவதால் விளைவும் வேறுபடும். முன்கூட்டியே கணித்து வைத்த பட்டியலைக் கொண்டு பலரை ஒருசேரத் தாக்குவது இதனால் தடைபடுகிறது. யூனிக்ஸின் உப்பு 12 பிட் மட்டுமே. 4,096 வகைகளே அதில் இயலும்.

இவ்விரு அடிப்படைகளையும் முறைப்படுத்திய தரம் பிபிகேடிஎஃப்2. 2000ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 2898 ஆவணமாக இது வெளியானது. கடவுச்சொல்லைத் திறவுகோலாகவும் உப்பை உள்ளீடாகவும் கொண்டு எச்மேக் சார்பு ஒருமுறை இயக்கப்படும். அதன் விடையே அடுத்த சுற்றின் உள்ளீடாகும். எல்லாச் சுற்றுகளின் விடைகளும் எக்ஸ்ஓஆர் செயலால் ஒன்றிணைக்கப்பட்டுத் திறவுகோல் பெறப்படும். முந்தைய சுற்று முடியாமல் அடுத்ததைத் தொடங்க இயலாது என்பதே இவ்வமைப்பின் உயிர்நாடி. அவ்வாவணம் குறைந்தது 1,000 சுற்றுகளைப் பரிந்துரைத்தது. ஓவாஸ்ப் அமைப்பு 2023இல் ஷா-256 சார்புக்குக் கூறிய அளவு 6 லட்சம்.

இவ்வெண்ணிக்கையின் பயனை முன்னைய கணக்கிலேயே காணலாம். ஒரு சுற்றும் ஓர் ஊகமும் ஒரே செலவு எனக் கொண்டால், மூன்றரை நிமிடத் தாக்குதல் ஏறத்தாழ 4 ஆண்டுகளாக நீளும். ஆனால் 10 லட்சம் சொற்கள் கொண்ட பட்டியலில் உள்ள சொல்லே கடவுச்சொல்லாக இருப்பின், அதே கருவிக்குப் பத்து நிமிடம் போதும். சுற்றுகள் நல்ல கடவுச்சொல்லை மேலும் வலுவாக்குமேயன்றி, எளிதில் ஊகிக்கத்தக்க சொல்லைக் காப்பாற்றா.

உப்பின் தேர்வு பிழையாக அமைந்ததற்கு வீடுகளில் உள்ள வைஃபை இணைப்பே சான்று. டபிள்யூபிஏ2 முறையில் வலையமைப்பின் பெயரே உப்பு, சுற்றுகள் 4,096. சாதனத்துடன் வரும் பெயரைப் பலர் மாற்றாமல் விடுவதால், உப்பு பலருக்கும் பொதுவாகி முன்கணிப்புப் பட்டியல்களுக்கு இடமளிக்கிறது.

நினைவகச் செலவு

பிபிகேடிஎஃப்2 மிகச் சிறிய நினைவகத்தில் இயங்குவது. ஆகவே வரைகலைச் செயலி ஒன்றில் ஆயிரக்கணக்கான ஊகங்களை இணையாகச் சோதிக்கலாம். பயனர் ஒரு செயலியில் ஒரு நொடி காத்திருக்க, தாக்குபவர் அதே நேரத்தில் பெருந்திரளைச் சோதிப்பார். இச்சமமின்மையைக் குறைக்க 2009இல் காலின் பெர்சிவல் வடிவமைத்த எஸ்கிரிப்ட், நேரத்துடன் நினைவகத்தையும் செலவாக்கியது. 2013இல் தொடங்கிய கடவுச்சொல் ஹாஷ் போட்டியில் 2015இல் வென்ற ஆர்கான்2 இவ்வழியில் வந்ததே. 2021இன் ஆர்எஃப்சி 9106 அதற்கு 2 கிபிபைட்டு நினைவகத்தையும், நினைவகம் குறைந்த சூழலில் 64 மெபிபைட்டுடன் மூன்று சுற்றுகளையும் பரிந்துரைக்கிறது.

லினக்ஸின் லக்ஸ் வன்தட்டுக் குறியாக்கம் ஒரு நல்ல இடைநிலையைக் கையாள்கிறது. தரவைக் குறியாக்குவது தற்போக்காக உருவாக்கிய முதன்மைத் திறவுகோல். கடவுச்சொல்லிலிருந்து வருவித்தது அதனை மட்டும் பூட்டி வைக்கிறது. கடவுச்சொல்லை மாற்றும்போது முழு வன்தட்டையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை.

தமிழில் கடவுச்சொல்

மேற்கண்ட சார்புகள் அனைத்தும் எழுத்துகளை அறியா, பைட்டுகளையே அறியும். ஒரு பைட்டு மாறினாலும் முற்றிலும் வேறான திறவுகோல் விளையும். ‘கொ’ என்பதை ஒருங்குறியில் ககரத்துடன் ஒகரக் குறியாக எழுதலாம். எகரக் குறி, கால் ஆகிய இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. விசைப்பலகை மென்பொருள் மாறினால் இவற்றுள் எது பதிவாகும் என்பதும் மாறக்கூடும். கடவுச்சொல் புள்ளிகளாக மறைக்கப்படுவதால் பயனர் அதனைக் காணவும் வழியில்லை. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8265, கடவுச்சொல்லை என்எஃப்சி வடிவிற்கு இயல்பாக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும் என்கிறது. இது ‘கொ’ சிக்கலைத் தீர்க்கிறது.

‘கௌ’ சிக்கலை அது தீர்ப்பதில்லை. ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ளகரமும் இட்டு எழுதும் வழக்கம் தமிழ் மின்னுரைகளில் பரவலாக உண்டு. தோற்றம் ஒத்திருந்தாலும் ஒருங்குறி இவ்விரண்டையும் நிகரானவையாகக் கொள்வதில்லை; எனவே இயல்பாக்கத்திற்குப் பின்னும் அவை வேறாகவே நிற்கும். மின்னுரையிலிருந்து படியெடுத்த தொடரைக் கடவுச்சொல்லாக வைத்து, பின்னர் அதைத் தட்டச்சிட்டுத் திறக்க முயல்பவர் தம் கோப்பை இழக்க நேரிடும்.

நீளமும் கருதத்தக்கது. யுடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் கொள்ளும். ‘கட்டுரை’ நான்கு எழுத்தாயினும் ஏழு குறிகள், 21 பைட்டுகள். 72 பைட்டுகளுக்கு மேல் கருத்திற்கொள்ளாத பிகிரிப்ட் சார்பு, 24 குறிகளுக்குப் பின் வருவதைப் புறக்கணிக்கும். தமிழ்த் தொடரை ஏற்கும் மென்பொருள் அதனை முதலில் ஷா-256 கொண்டு சுருக்குவதோ, ஆர்கான்2வைக் கையாள்வதோ தகும். இயல்பாக்க விதியைப் பின்னாளில் மாற்றினால் பழைய கோப்புகள் திறவா. ஆதலால் உப்பையும் சுற்று எண்ணிக்கையையும் போலவே, எந்த இயல்பாக்கம் கையாளப்பட்டது என்பதும் கோப்பின் தலைப்பகுதியில் பதியப்படுதல் வேண்டும்.