குடிமல்லம் சுவரில் ஆயா கண்ட எழுத்து

ஏர்பேட்டில் குடியிருப்பவர்களுக்கு விருந்தாளி வந்தால் அழைத்துப் போக இரண்டே இடங்கள்தான். ஒரு பக்கம் திருப்பதி, மறுபக்கம் காளத்தி. ஊருக்குள் என்றால் ரெயிலடி, மலையாள சுவாமிகள் 1926-ல் நிறுவிய வியாசாசிரமம், அண்மையில் எழுந்த ஐ.ஐ.டி. வளாகம். அவ்வளவுதான் என்று அந்தத் தமிழ்க் குடும்பமும் பதினைந்து ஆண்டுகளாக நினைத்திருந்தது.

குடும்பத் தலைவர் ரெயில்வே ஊழியர். சொந்த ஊர் ஆரணிப் பக்கம். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தெலுங்கும் ஆங்கிலமும் தண்ணீர் பட்டபாடு. தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. ஊரிலிருந்து வந்திருந்த ஆயாவுக்கு இது ஆறாத குறை. "நான் ஒரு கடுதாசி போட்டா, அதை நீ உங்கப்பன்கிட்ட குடுத்துத்தானே படிச்சுக் காட்டச் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டார். பேத்தி பதில் பேசவில்லை. வீட்டில் அன்று இரவு முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. திருப்பதியும் காளத்தியும் ஆயா பலமுறை பார்த்தவை. "குடிமல்லம் போய்ப் பாருங்களேன்" என்று பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் சொன்னார். பாபாநாயுடுபேட்டை வழியாக ஆட்டோவில் புறப்பட்டார்கள்.

பொன்முகலி ஆற்றங்கரையில் சிறிய ஊர். பரசுராமேசுவரர் கோவில். விமானம் படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல் வளைந்திருக்கிறது. நம் பக்கத்தில் தூங்கானை மாடம் என்பார்கள். கருவறை மண்டபத்தைவிடத் தாழ்வாக இருப்பதால் சற்றுக் குனிந்துதான் சாமியைப் பார்க்க வேண்டும். சுமார் ஐந்தடி உயர லிங்கம். அதன் முகப்பிலேயே சிவபெருமான், ஒரு குள்ள பூதத்தின் தோள்மீது நிற்கிறார். வலக்கையில் தலைகீழாகத் தொங்கும் ஆடு, இடக்கையில் சிறு கலசம், தோளில் மழு. மார்பில் பூணூல் இல்லை.

"ஆயா, இது கண்ணப்பரா?" என்றாள் சிறுமி. சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. வேடர் சாயலை இதில் கண்ட அறிஞர்களும் உண்டு. கோபிநாத ராவ் தம்முடைய உருவவியல் நூலில் எழுதிய பிறகுதான் வெளியுலகம் இந்த லிங்கத்தை அறிந்தது. கிறிஸ்து பிறப்பதற்கு ஒன்றிரண்டு நூற்றாண்டுகள் முந்தியது என்பார் பலர். பிந்தியது என்பாரும் இருக்கிறார்கள்.

கோவிலைச் சுற்றி வரும்போதுதான் ஆயா நின்றுவிட்டார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சுவரை நோக்கி விரலை நீட்டி, "இது 'ட' தானே? இது 'ப'. அடியே, இது நம்ம எழுத்துடி!" என்றார். வாக்கியமாகப் படிக்க முடியவில்லை. கல்வெட்டில் புள்ளி வைப்பது அரிது. பல எழுத்துகளின் வடிவமும் வேறு. ஆனாலும் தமிழ்தான். பல்லவர், பாணர், சோழர் காலத்துச் சாசனங்கள் இக்கோவிலில் உள்ளன. அவற்றில் ஊரின் பெயர் திருவிப்பிரம்பேடு. விக்கிரம சோழன் காலத்தில், 1126-ல், கோவில் கல்லால் புதுப்பிக்கப்பட்டது. சித்தூர் சீமையில் தமிழும் தெலுங்கும் எத்தனை காலமாகக் கலந்து வாழ்கின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. சிறுமி அரைமணி நேரம் சுவரில் 'ட'னாவாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் பாபாநாயுடுபேட்டையில் தேநீருக்கு இறங்கினார்கள். கடைக்காரர் சொல்லித்தான் அது பாசிமணிக்குப் பேர்போன ஊர் என்று தெரிந்தது. உருகிய கண்ணாடியை உலையிலிருந்து மெல்லிய குழலாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்துச் சூடேற்றி முனை மழுக்கும் தொழில். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த பழைய மணிகளும் இதே முறையில் செய்யப்பட்டவை. இந்த வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை போயிருக்கின்றன. "எங்க அம்மா கழுத்துல கெடந்தது இதுமாதிரிதான்" என்றார் ஆயா.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படி. பேத்தி ராகி சங்கடி செய்யக் கிளம்பினாள். ஆயாவுக்கு அது களி. அரிசி குழைய வெந்ததும் நடுவில் ராகி மாவைக் குவித்து, மூடி, தணலைக் குறைத்து வேகவிட்ட பிறகே துழாவ வேண்டும். அவசரப்பட்டு உடனே துழாவியதில் முதல் பானை முழுக்கக் கட்டி. அதைத் தெருநாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது! இரண்டாவதில் ஆயா துடுப்பைத் தொடவே இல்லை. எதிரே உட்கார்ந்து வாயால் மட்டும் சொன்னார். உருண்டை பிடிக்க வந்தது. தொட்டுக்கொள்ளப் புளிச்சகீரைக் கடைசலும் வேர்க்கடலைத் துவையலும். பேத்தி பல்லீ என்ற கடலையை ஆயா மல்லாட்டை என்றார். அந்தச் சொல்லில் இருவருக்கும் அரைமணி நேரச் சிரிப்பு.

திங்கட்கிழமை காலை ரெயிலில் ஆயா ஊருக்குப் புறப்பட்டார். மாலையில் வேலை முடிந்து வந்த தந்தை, சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த மளிகைச் சீட்டைப் பார்த்தார். பென்சில் எழுத்து, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தது. ராகி மாவு ஒரு கிலோ, மல்லாட்டை அரைக் கிலோ. 'ல்' மட்டும் தெலுங்கில் இருந்தது. 'ட' இரண்டும் சரியாக இருந்தன.