நூல் இருக்கிறது, வழிதான் இல்லை!

“எங்கள் பாட்டனார் கவலை ஓட்டிப் பிழைத்தார்” என்று ஒரு முதியவர் சொன்னால், இன்றைய இளைஞர் என்ன நினைப்பார்? மனத்துயரை விரட்டினார் என்றுதான் நினைப்பார்!

மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் ஏற்பாட்டுக்குக் கவலை என்று பெயர். கமலை என்பார் சிலர். கபிலை என்பார் சிலர். மின்சார மோட்டார் வந்தது, கவலை போயிற்று. உழைப்பாளியின் பாரம் குறைந்தது, வரவேற்போம். ஆனால் சாலும் வடமும் வால்கயிறும், இறைத்த களைப்புத் தீரப் பாடிய பாட்டும் கூடவே மறைய வேண்டுமா?

மறையாமல் காத்தவர்கள் உண்டு, தோழர்களே! மு. அருணாசலம் 1943-இல் ‘காற்றிலே மிதந்த கவிதை’ தந்தார். பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய பாடல்களை, கி. வா. ஜகந்நாதன் பதிப்பில், தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958-இல் ‘மலையருவி’ என வெளியிட்டது. 1964-இல் நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ வந்தது. வட்டாரச் சொற்களுக்கும் அகராதிகள் உண்டு: கரிசலுக்குக் கி. ராஜநாராயணன் (1982), கொங்குக்குப் பெருமாள்முருகன் (2000), நமக்கு அண்டையான நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் (2007).

பின் என்ன குறை? தேடினால் அகப்படுவதில்லை என்பதே குறை!

‘மலையருவி’ என்ற பெயரைக் கண்டு, உள்ளே இருப்பது நாட்டுப்பாடல் என்று யார் அறிவார்? நாடோடிப் பாடல் என்றார் ஒருவர். நாட்டார் பாடல், வாய்மொழிப் பாடல், நாட்டுப்புறப் பாடல் என்றனர் மற்றவர். ஒரு பெயரில் தேடினால் மற்றப் பெயரில் உள்ளது கிடைக்காது. ஊரை வைத்துத் தேடலாமா? பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் பிறந்தது. அரியலூர் 2001-இல் பிரிந்து, மறு ஆண்டே சேர்க்கப்பட்டு, 2007-இல் மீண்டும் தனியாயிற்று. அதற்கு முன் இங்கே திரட்டியதெல்லாம் ‘திருச்சி மாவட்டம்’ என்ற பெயருக்குள் அடங்கிவிடும். செந்துறைப் பாட்டை அரியலூர் என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கணினியில் ஏற்றினால் தீருமே என்பார்கள். பக்கத்தைப் படம் பிடித்தால் மட்டும் போதாது. எழுத்தாக மாற்றினால்தான் உள்ளிருக்கும் சொல்லைத் தேட முடியும்.

வேண்டுவது பெரிதல்ல. ஒவ்வொரு பழைய நூலுக்கும் ஒரு குறிப்பு. அன்றைய மாவட்டம், இன்றைய மாவட்டம். நாடோடி முதல் நாட்டுப்புறம் வரை எல்லாப் பெயர்களும். நடவா, ஏற்றமா, தாலாட்டா, ஒப்பாரியா என்ற வகை. அரிய வட்டாரச் சொற்கள். இவ்வளவே!

யார் கேட்பது? நாம்தான்! வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நூலகம் எவரோ இட்ட பிச்சையன்று, நமது உடைமை. சிமென்ட் ஆலைத் தோழரும், வெங்காயம் பயிரிடும் தோழரும் கிளை நூலகத்தில் நுழையட்டும். நூலின் பெயர் சொல்லிக் கேட்கட்டும். இல்லையென்றால் எழுதிக் கொடுக்கட்டும். வீட்டு முதியவர் சொல்லும் சொல்லை ஊர்ப்பெயரோடு குறித்து வைக்கட்டும்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் மன்னர்கள் கல்லில் வெட்டியதை அரசு படியெடுத்து, எண்ணிட்டு, ஊர்வாரியாக அடுக்கி வைத்திருக்கிறது. நல்லது. மன்னன் ஆணைக்கு அந்த மரியாதை உண்டென்றால், நாற்று நட்டவள் பாட்டுக்கும் அது வேண்டும்!